எங்கட ஒழுங்கையை வெட்டி அளந்தவை ஆர்? கணக்காய்வாளர் நாயகம் கண்டுபிடிச்சால் பிறகு என்ன நடக்கும்?

படலையடி:

எல்லாருக்கும் வணக்கம். உந்த ஓடிற் (கணக்காய்வு) விசயம் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது வடிவா விளங்கப்படுத்தினால் பெரிய உதவி. நான் எங்கட ஊர் மாதர் சங்கத்தில செயலாளரா இருக்கிறன். ஊர்ப் பேரும் எங்கட உள்ளூராட்சிச் சபையின்ர பேரும் இதில போடேல்லை, விசயம் இன்னும் முடியேல்லை எண்டபடியால்.

எங்கட ஒழுங்கைக்குப் போன வருசம்தான் கொங்கிறீற் போட்டவை. அதுக்கு முதல் மாரியில பிள்ளையள் சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போறது, அதால போட்டு முடிஞ்ச அண்டைக்கு எல்லாருக்கும் சந்தோசம், நான்தான் எங்கட வீட்டில பொங்கிக் குடுத்தனான். இந்த மாரிக்கே ரெண்டு மூண்டு இடத்தில வெடிச்சுப் போச்சு. போன செவ்வாய் காலமை பத்து மணி போல ஒரு டபிள் கப் வந்து என்ர படலைக்கு நேர நிண்டுது, நாலு பேர் இறங்கிச்சினம். சபையின்ர ரீ.ஓ.வை, அதுதான் வேலைகளைப் பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தரை, எனக்கு முகம் தெரியும், மற்ற மூண்டு பேரும் புது ஆக்கள். அதில ஒரு பிள்ளை, என்ர மகளை விட ஒரு அஞ்சாறு வயசு கூட இருக்கும், கையில ஒரு மொத்த பைலும் கொப்பியும். அலவாங்கும் உளியும் வச்சு ஒரு சதுரம் வெட்டி எடுத்து, கரையில ஸ்கேலைப் பிடிச்சு அளந்து, போனில படம் எடுத்து, அந்தப் பிள்ளை கொப்பியில எழுதி ரீ.ஓ.விட்ட கையெழுத்தும் வாங்கினவ. "ரெண்டே முக்கால்" எண்டு சொன்னது எனக்குக் கேட்டுது. வேலை நடக்கேக்க மேசன் என்னட்ட நாலு அங்குலம் எண்டுதான் சொன்னவர்.

நல்ல வெய்யில், பாவம் எண்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு போனன். "வேண்டாம் அம்மா, குறை நினைக்காதேங்கோ" எண்டு சொல்லித் தங்கட போத்தில் தண்ணியைத்தான் குடிச்சவை. வாசலுக்கு வந்த ஆக்கள் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் போனது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

பேந்து ரீ.ஓ. சொன்னார் அவை கணக்காய்வாளர் நாயகத்தின்ர ஆக்கள் எண்டு. மகள் ஏ.எல்லுக்கு அரசியல் படிக்கிறாள், அவள் சொல்லுறாள் அவர் பாராளுமன்றத்துக்குத்தான் அறிக்கை குடுப்பாராம். எனக்கு விளங்காதது என்னெண்டால் என்ர படலையடிக் கொங்கிறீற்றின்ர தடிப்புக்கும் கோட்டேயில இருக்கிற பாராளுமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? இவை பொலிஸ் மாதிரியா? ஆரையும் பிடிப்பினமா? நான் வாய் திறந்து எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லியிருக்க வேணுமோ?


கண்ணன்82:

அக்கா, உங்களுக்கு ஆறுதலாச் சொல்ல எனக்கும் விருப்பம்தான், ஆனா நான் பார்த்த அளவில ஒண்டும் நடக்காது. சீனி விசயத்தைப் பாருங்கோ. 2020 ஒக்ரோபர் 13ஆம் திகதி ஒரு கிலோ சீனிக்கு இருந்த 50 ரூபா வரியை ஒரே இரவில 25 சதமாக்கினவை, கடையில நாங்கள் வாங்கின விலை அதுக்கேத்த மாதிரிக் குறையேல்லை. கணக்காய்வாளர் நாயகம் விசேட அறிக்கை போட்டு அரசாங்கத்துக்குக் 1,500 கோடி ரூபாவுக்கு மேல வருமானம் போச்சுது எண்டு கணக்குக் காட்டினவர். அறிக்கை வந்தது, பேப்பரில வந்தது, ரீவியில கத்திச்சினம், அந்தக் காசு திரும்பி வந்ததோ? அவ்வளவு பெரிய விசயத்துக்கே இப்பிடியெண்டால் ஒண்டே கால் அங்குலக் கொங்கிறீற்றுக்கு ஆர் வரப்போகினம். எனக்கு உதை நினைக்கச் சரியான கவலை.


பழைய பேரேடு:

தங்கச்சி, நான் 31 வருசம் கணக்காய்வில வேலை செய்து கணக்காய்வு அத்தியட்சகரா ஓய்வெடுத்தனான், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் தேத்தண்ணி. அந்தப் பிள்ளை உங்களை அவமதிக்கேல்லை. வெளிக்கள வேலைக்குப் போனால் பரிசோதிக்கிற இடத்தில ஒண்டும் வாங்கிக் குடிக்கப்படாது எண்டு எங்களுக்கு மேல இருந்தவர் முதல் நாளே சொல்லித் தந்தவர், ஏனெண்டால் நாளைக்குக் கொந்தராத்துக்காரர் "உவை அந்த வீட்டில இருந்து சாப்பிட்டுப்போட்டுத்தான் எழுதினவை" எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும், அளந்தது முழுக்கப் பழுது. நான் தீவுப் பக்கம் போன நாளில இளநி வெட்டி வச்சுக்கொண்டு நிண்ட ஒரு கிழவரிட்ட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்து அண்டு முழுக்க மனம் சரியில்லாமல் இருந்தனான். அந்தப் பிள்ளைக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும்.

இனி பாராளுமன்றத்துக்கும் உங்கட படலைக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டனீங்கள், அதுதான் இதில முக்கியமான கேள்வி. இந்த நாட்டின்ர பொது நிதியில முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்குத்தான் எண்டு அரசியலமைப்பின்ர 148ஆவது உறுப்புரை சொல்லுது. ஒரு சதம் செலவழிக்கிறதெண்டாலும் அவை ஓம் எண்டு சொல்லவேணும். சரி, சொல்லிப்போட்டினம். சொன்ன மாதிரித்தான் செலவழிஞ்சதோ எண்டு ஆர் பார்க்கிறது? செலவழிச்ச அமைச்சரிட்டயே கேட்டால் அவர் நல்லாத்தான் செலவழிச்சது எண்டு சொல்லுவார். 225 பேரும் அலவாங்கோட ஊர் ஊரா வர ஏலாது. அவைக்கு ஒரு கண் வேணும், அந்தக் கண் அரசாங்கத்துக்குச் சம்பந்தமில்லாத கண்ணா இருக்கவேணும். அதுதான் கணக்காய்வாளர் நாயகம். வெள்ளைக்காரன் 1799இல உண்டாக்கின பதவி, இப்ப 153, 154ஆம் உறுப்புரையில இருக்குது. அவற்ற சம்பளத்தைப் பாராளுமன்றம் தீர்மானிச்சுத் திரட்டு நிதியில இருந்து குடுக்குது, பதவியில இருக்கிற காலத்தில குறைக்க ஏலாது. நியமிக்கிறது சனாதிபதிதான், ஆனா அரசியலமைப்புப் பேரவையின்ர அங்கீகாரத்தோட. 60 வயசு மட்டும் இருக்கலாம், இடையில பிடிக்கேல்லை எண்டு ஒரு அமைச்சர் தூக்க ஏலாது, பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால்தான், இல்லையெண்டால் உடல்நிலை மோசமானால்தான் விலக்கலாம். உது எல்லாம் சும்மா மரியாதைக்கு வச்சதில்லை. மேலதிகாரி கையில சம்பளமும் இடமாற்றமும் இருக்கிற ஒரு ஆள் அந்த மேலதிகாரியின்ர கணக்கை எப்பிடிப் பார்க்கிறது?

இடமாற்றம் எண்டு சொன்னது எங்களையும் சேர்த்துத்தான். 2015இல அரசியலமைப்பின்ர 19ஆவது திருத்தத்தோட கணக்காய்வுச் சேவை ஆணைக்குழு எண்டு ஒண்டு வந்தது, ஓடிற்றர்மாரின்ர நியமனம் இடமாற்றம் எல்லாம் அதுக்குக் கீழ. 2020இல 20ஆவது திருத்தத்தில அதை எடுத்துப்போட்டினம். 2022இல 21ஆவதோட திரும்பி வந்தது. ஒரு ஆணைக்குழுவைக் கொண்டு வாறதும் எடுக்கிறதும் பேப்பரில ஒரு வரிச் செய்தி, எங்களுக்கு அது முதுகெலும்பு.

இனி எப்பிடிப் பார்க்கிறது எண்டு. கனபேர் நினைக்கிறது ஓடிற் எண்டால் கூட்டல் கழித்தல் சரியோ எண்டு பார்க்கிற வேலை எண்டு. கூட்டல் எப்பவும் சரியாத்தான் இருக்கும், களவு செய்யிறவன் கூட்டலில பிழை விடமாட்டான். நாங்கள் ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோட மோதவிட்டுப் பார்ப்பம். ஒரு கதை சொல்லுறன், இடம் சொல்லமாட்டன். ஒரு அலுவலகத்தில உழவு மிசின் பவுசரில வரட்சி நேரம் தண்ணி விநியோகம். ஓட்டப் பதிவுப் புத்தகம் சரி, டீசல் கட்டளைச் சீட்டுச் சரி, தண்ணி வாங்கின ஆக்களின்ர கையெழுத்தும் இருக்குது. எல்லாம் பொருந்துது. நான் மூண்டாம் நாள் சும்மா வேற ஒரு பைலைப் பிரட்டேக்க திருத்த வேலை வவுச்சர் ஒண்டு கண்ணில பட்டுது, அதே மிசின், இன்ஜின் கழட்டிக் கராஜில கிடந்தது பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் ஓட்டப் புத்தகத்தில மிசின் ஓடியிருக்கு, டீசல் அடிச்சிருக்கு, தண்ணி குடுத்திருக்கு. ரெண்டு காகிதமும் தனித்தனிய உண்மை மாதிரி, பக்கத்தில வச்சால்தான் ஒண்டு பொய். அந்தக் கிராமத்துச் சனம் ஒரு கிணத்தை நம்பி அந்த மாதம் கிடந்ததை நான் பேந்து நேர போய்க் கேட்டனான், அதுதான் இண்டைக்கும் எனக்கு மறக்காமல் இருக்கு.

காகிதம் முடிஞ்சால் பொருளைப் பார்க்க வேணும். ஸ்டோர்ஸை எண்ணுறது, மதகின்ர நீளத்தை அளக்கிறது, கொங்கிறீற்றை வெட்டிப் பார்க்கிறது. பி.ஓ.கியூவில, அதாவது வேலைக்கு முதல் போடுற அளவு விலைப் பட்டியலில, நாலு அங்குலம், பில்லில நாலு அங்குலத்துக்குக் காசு குடுத்திருக்கு, நிலத்தில ரெண்டே முக்கால் எண்டால் அந்த வித்தியாசத்துக்கு எத்தினை கியூப், எத்தினை ரூபா எண்டு கணக்கு வரும். ரீ.ஓ.வின்ர கையெழுத்தை அந்த இடத்திலயே வாங்கினதுதான் அந்தப் பிள்ளை செய்த கெட்டித்தனம், பிறகு "நான் நிக்கேல்லை" எண்டு சொல்ல ஏலாது. எந்தப் புத்தகத்தையும் பதிவையும் களஞ்சியத்தையும் பார்க்கவும் விளக்கம் கேக்கவும் 154ஆம் உறுப்புரையே அதிகாரம் குடுக்குது, 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தில இடைஞ்சல் செய்தால் குற்றம் எண்டும் இருக்கு.

அதுக்குப் பிறகு ஓடிற் குவெரி, கணக்காய்வு ஐயவினா எண்டு எழுதுவம். இன்ன திகதி இன்ன வவுச்சர், இப்பிடிக் கண்டனாங்கள், உங்கட விளக்கம் என்ன எண்டு. பதில் தர அவைக்கு ஒரு சந்தர்ப்பம் குடுத்துத்தான் ஆகவேணும், அது நியாயம், சில வேளை அவையில பிழை இருக்காது, எங்களுக்குத்தான் ஒரு காகிதம் கண்ணில படாமல் போயிருக்கும். ஆனா கன பதில் ஒரே அச்சில வரும், "எதிர்காலத்தில் இவ்வாறான தவறுகள் நிகழாதவாறு நடவடிக்கை எடுக்கப்படும்". எங்கட பக்கத்தில இன்னொண்டும் இருந்தது, 1995 இடப்பெயர்வில பைல் தவறிப் போச்சுது எண்டு. நிறைய இடத்தில அது உண்மை, சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடேக்க ஆர் பேரேட்டைத் தூக்கிறது. ஆனா 98ஆம் ஆண்டு வாங்கின தட்டெழுத்து மிசினின்ர பைலும் 95இல தவறினது எண்டு பதில் வந்தால் அதை விட ஏலாதுதானே.

பதில் திருப்தியில்லை எண்டால் அறிக்கையில ஏறும். நிதியாண்டு முடிஞ்சு 10 மாதத்துக்குள்ள அவர் பாராளுமன்றத்துக்கு அறிக்கை குடுக்க வேணும், இடையில தேவையெண்டு நினைச்சால் விசேட அறிக்கையும் குடுக்கலாம். பாராளுமன்றத்தில அதை வாங்கி விசாரிக்க ரெண்டு குழு. 1921இல வெள்ளைக்காரன் காலத்தில வந்தது கோபா எண்டுற அரசாங்கக் கணக்குகள் குழு, அமைச்சு, திணைக்களம், மாகாண சபை, உங்கட சபை மாதிரியான உள்ளூராட்சி எல்லாம் அதுக்குள்ள. 1979இல வந்தது கோப், கூட்டுத்தாபனம் வங்கி மாதிரியானதுகள். ரீவியில ஒரு நீட்டு மேசையில செயலாளர்மார் வியர்த்துக்கொண்டு இருக்கிறதைப் பார்த்திருப்பியள், கேள்வி கேக்கிறது எம்.பிமார், ஆனா அந்தக் கேள்வி அவை கையில இருக்கிற பேப்பரில இருந்து வருது, அந்தப் பேப்பர் இப்பிடி ஒரு பிள்ளை வெய்யிலில நிண்டு எழுதின கொப்பியில இருந்து வருது. கணக்காய்வாளர் நாயகம் குழுவுக்குப் பக்கத்திலயே இருந்து விளக்கம் சொல்லுவார்.

அதால அவர் பொலிஸ் இல்லை, தங்கச்சி. ஆரையும் பிடிக்கமாட்டார், வழக்கும் போடமாட்டார். போன காசை அந்த உத்தியோகத்தரிட்ட இருந்தே அறவிடுறது எண்டு ஒண்டு இருக்கு, சர்சார்ஜ் எண்டு கந்தோரில சொல்லுவம், 2018 சட்டம் வரேக்க அந்த அதிகாரம் கணக்காய்வாளர் நாயகத்துக்கே வரும் எண்டு நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்தம், கடைசியில பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர், அதாவது பெரும்பாலும் அமைச்சின்ர செயலாளர், அவரிட்டத்தான் குடுத்தவை. எனக்கு அது இண்டைக்கும் மனசுக்கு ஒத்துக்கொள்ளாத விசயம்.


வரவேடு:

நான் மற்றப் பக்கத்தில இருக்கிற ஆள், ஒரு அரச அலுவலகத்தில கணக்குக் கிளையில முகாமைத்துவ உதவியாளர். பழைய பேரேடு ஐயா சொன்ன எல்லாம் சரி, ஆனா எங்கட நிலைமையையும் ஒருக்கால் சொல்லவேணும். ஓடிற் வந்தால் எங்கட கந்தோரில அந்த மாதம் வேற வேலை ஓடாது. கேட்ட பைல் எல்லாம் எடுத்துக் குடுக்கவேணும், அதுக்குப் பதிலும் எழுதவேணும், அண்டாடம் வாற சம்பளமும் கொடுப்பனவும் நிக்கவும் கூடாது. எங்களுக்கு எட்டுப் பேரின்ர இடத்தில அஞ்சு பேர். டிசம்பர் 31க்குள்ள ஒதுக்கின காசு முடியாட்டித் திரும்பிப் போயிடும் எண்டு நவம்பரில பத்துக் கொந்தராத்தை ஒரே நேரம் துவங்குவினம், மாரி மழைக்குள்ள கொங்கிறீற் போடுவினம், ரீ.ஓ. ஒராள் பத்து இடத்தில நிக்க ஏலுமோ? பேந்து ஓடிற் வந்து தடிப்புக் குறைவு எண்டு எழுதும், பதில் சொல்லுறது கையெழுத்து வச்ச கடைசி ஆள்.

நான் களவை நியாயப்படுத்தேல்லை, ரெண்டே முக்கால் அங்குலம் போட்டு நாலுக்குக் காசு எடுத்தவன் களவன்தான். ஆனா அறிக்கையில "காசு ஏன் நவம்பரில வந்தது" எண்ட கேள்வியும் எழுத வேணும் எண்டு நினைக்கிறன்.


பழைய பேரேடு:

தம்பி வரவேடு, நீர் சொல்லுறது நூற்றுக்கு நூறு. அதுக்குத்தான் செயலாற்றுகைக் கணக்காய்வு எண்டு ஒரு வகை இருக்கு. கணக்குச் சரியோ, சட்டப்படி நடந்ததோ எண்டதோட நிக்காமல், சிக்கனமாச் செய்தவையோ, வினைத்திறனாச் செய்தவையோ, கடைசியில சனத்துக்குப் பலன் வந்ததோ எண்டு பார்க்கிறது. ஒரு ஆசுப்பத்திரிக்கு வாங்கின மிசினுக்கு ரெண்டர், வவுச்சர், பதிவு எல்லாம் சுத்தம், ஆனா ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்லாமல் மூண்டு வருசம் பொலித்தீனோட கிடக்குது எண்டால் பழைய முறை ஓடிற்றில அது பிழையே இல்லை. நவம்பரில காசு வாற விசயம் அப்பிடி ஒரு அறிக்கைக்கு ஏத்த விசயம், ஒரு சபையை மட்டும் பார்க்காமல் பத்துச் சபையைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

கண்ணன் தம்பிக்கு. உம்மட கோவம் எனக்கு விளங்குது. ஆனா ஒண்டு யோசியும், 1,500 கோடிக்கு மேல எண்டு நீர் இண்டைக்கு இதில எழுதினது எங்கால வந்தது? அந்த அறிக்கையில இருந்துதான். அது இல்லாட்டி "சீனியில ஏதோ அடிச்சுப்போட்டாங்கள்" எண்டு சந்தியில கதைச்சுக்கொண்டுதான் இருந்திருப்பம். மத்திய வங்கி முறி (அரசாங்கம் கடன் வாங்க விக்கிற பத்திரம்) விசயமும் அப்பிடித்தான். 2015 பெப்ரவரி 27, ஒரு பில்லியன் ரூபாவுக்கு எண்டு ஏலத்தில விட்டுப் பத்துப் பில்லியனுக்கு மேல எடுத்தவை. கோப் குழு கேட்டு, கணக்காய்வாளர் நாயகம் 2016இல விசேட அறிக்கை குடுத்து, அதை வச்சுக் கோப் அறிக்கை வந்து, அதுக்குப் பிறகுதான் 2017இல சனாதிபதி ஆணைக்குழு. அறிக்கையை வாசிச்சு அந்த நேரம் மேசையில அடிச்சுக் கேக்கிற உறுப்பினர்மார் இருந்தபடியால் அது அவ்வளவு தூரம் போனது. வாசிக்காத பாராளுமன்றத்துக்கு எவ்வளவு நல்ல அறிக்கை குடுத்தும் அது அலுமாரியில கிடக்கும்.

எங்களுக்கு இன்னொரு குறையும் இருக்கு, இதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. வட மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்ரோபரில முடிஞ்சுது. அதுக்குப் பிறகு தேர்தல் நடக்கேல்லை. மாகாணத்தின்ர காசு செலவழியுது, ஓடிற்றும் நடக்குது, அறிக்கையும் எழுதினம், ஆனா அதைக் கையில வச்சுக்கொண்டு "ஏன் இப்பிடி" எண்டு கேக்க யாழ்ப்பாணத்தில இருந்து தெரிவான ஒரு மாகாண சபை உறுப்பினரும் இல்லை. கொழும்பில கோபாவுக்கு எங்கட முறை வரும் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவேணும்.


ரொறன்ரோ சுதா:

நான் இஞ்ச கனடாவில 22 வருசம், வாசிக்க வாசிக்க ஊர் ஞாபகம் வந்திட்டுது. இஞ்ச களவு இல்லை எண்டு நினைக்காதேங்கோ, ஒரு கதை சொல்லுறன். கொரோனா நேரம் எல்லை கடக்கிறதுக்கு எண்டு அரைவ்கான் எண்டு ஒரு போன் செயலி செய்தவை, நானும் அம்மாவைக் கூப்பிடேக்க அதில மல்லுக்கட்டினனான். செலவு கூடிக்கொண்டே போச்சு எண்டு சத்தம் வந்து, 2022 நவம்பரில பாராளுமன்றம் வாக்கெடுத்துக் கணக்காய்வாளர் நாயகத்தை விசாரிக்கச் சொன்னது. 2024 பெப்ரவரியில அறிக்கை வந்தது, அவ சொன்னா கிட்டத்தட்ட 59.5 மில்லியன் டொலர் எண்டு தான் மதிப்பிடுறாவாம், சரியான தொகை சொல்ல ஏலாதாம், ஏனெண்டால் பதிவுகள் அவ்வளவு மோசம். எனக்கு அந்த இடம்தான் மனசில நிண்டது. இவ்வளவு கொம்பியூட்டர் இருக்கிற நாட்டில ஒரு கணக்காய்வாளர் நாயகம் வந்து "காகிதம் இல்லை, அதால எவ்வளவு போச்சு எண்டு சொல்ல ஏலாது" எண்டு சொல்லுறா. அப்ப எங்கட ஊரில அந்தப் பிள்ளை ரீ.ஓ.விட்டக் கொப்பியில கையெழுத்து வாங்கினதை நினைச்சுப் பார்த்தன்.

அமெரிக்காவிலயும் இப்பிடி ஒண்டு 1921இல இருந்தே இருக்கு, காங்கிரஸுக்கு வேலை செய்யிறது, தலைமை ஆளுக்கு 15 வருசப் பதவிக்காலம். ஒரு சனாதிபதி ரெண்டு முறை இருந்தாலும் எட்டு வருசம், இவர் அவரை விடக் கனகாலம் இருப்பார். எங்கட இலங்கையில கணக்காய்வாளர் நாயகமா இருந்தவர் 2025 ஏப்ரலில ஓய்வு பெற்ற பிறகு நிரந்தரமா ஒராளைப் போடாமல் மாதக்கணக்கா இழுபட்டதைச் செய்தியில பார்த்து எனக்கு உண்மையா வயிறு எரிஞ்சுது. வீட்டில நாயைக் கட்டாமலும் படலையைப் பூட்டாமலும் படுக்கிற மாதிரி.


மன்றத்தடி:

படலையடி அக்கா, நீங்கள் கடைசியாக் கேட்டதுக்கு ஒருத்தரும் இன்னும் பதில் சொல்லேல்லை, வாய் திறந்திருக்க வேணுமோ எண்டு. நான் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் கனக்கப் போட்டுப் பழகினனான், அதால சொல்லுறன். ஓடிற்றர்மாரிட்ட போய் என்ன கண்டனியள் எண்டு கேட்டால் சொல்லமாட்டினம், அறிக்கை வரும் மட்டும் அவை சொல்லவும் கூடாது. ஆனா நீங்கள் சபையிட்டக் கேக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பிரஜை எண்டால் காணும், ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. சபையின்ர தகவல் உத்தியோகத்தரிட்ட எழுத்தில குடுங்கோ, குடுத்ததுக்குப் பற்றுச்சீட்டு மாதிரி ஒரு துண்டு கேட்டு வாங்குங்கோ, 14 வேலை நாளுக்குள்ள தருவினமோ இல்லையோ எண்டு சொல்லவேணும்.

"ஒழுங்கையில நடந்த ஊழல் பற்றிய தகவல்" எண்டு எழுதாதேங்கோ, அப்பிடி ஒரு பைல் அவையிட்ட இல்லை எண்டு பதில் வரும். இன்ன ஒழுங்கை, இன்ன வருசம் நடந்த கொங்கிறீற் வேலையின்ர பி.ஓ.கியூ, அளவீட்டுத் தாள், கடைசி பில், காசு குடுத்த வவுச்சர், இதுகளின்ர பிரதி எண்டு எழுதுங்கோ. தராட்டில் 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிட்ட மேன்முறையீடு, அவரும் தராட்டில் கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

மற்றது, சபைகளின்ர வருசாந்த ஓடிற் அறிக்கையைத் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின்ர இணையத்தளத்தில போடினம், மகளைக் கொண்டு தேடிப் பாருங்கோ. முதல் பக்கத்தில "முனைப்பழியான அபிப்பிராயம்" எண்டு இருந்தால் பயப்பிடாதேங்கோ, கணக்கில சில இடம் தவிர மற்றது சரி எண்டு அர்த்தம், அந்தச் சில இடம் என்னெண்டு கீழ வரிசையா இருக்கும். எங்கட ஆக்கள் எல்லாரும் முதல் பக்கத்தோட மூடி வச்சிடுவினம், சாமான் முழுக்கப் பின்னுக்குத்தான்.


பழைய பேரேடு:

மன்றத்தடி சொன்னது நல்ல வழி. நானும் ஒண்டு சேர்க்கிறன். கணக்காய்வாளர் நாயகத்துக்கு நீங்கள் நேர கடிதம் எழுதலாம், பத்தரமுல்லையில தலைமை அலுவலகம், தமிழிலயே எழுதுங்கோ. எனக்கு வந்த மொட்டைக் கடிதங்களில அரைவாசி "அவன் புது வீடு கட்டுறான், காசு எங்கால" எண்டுதான் இருக்கும், அதை வச்சு நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது. ஒரு முறை ஒரு அம்மா எழுதியிருந்தா, எந்த நாள் எந்த நேரம் சீமெந்து லொறி வந்தது, எத்தினை பை இறங்கினது, பின்னேரம் எத்தினை பை திரும்ப ஏறினது எண்டு பள்ளிக்கூடக் கொப்பித் தாளில கோடு போட்டு எழுதி. அந்த ஒரு தாளை வச்சு நாங்கள் ஸ்டோர்ஸ் புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தம். கையெழுத்துக் கோணல் மாணல், ஆனா என்ர 31 வருசத்தில அதைப் போல ஒரு ஆவணம் எனக்கு வெளியில இருந்து வந்ததில்லை.

தங்கச்சி, வெட்டின இடத்தை இன்னும் மூடேல்லை எண்டால் மூட முதல் நீங்களும் ஒருக்கால் அளந்து படம் எடுத்து வையுங்கோ, ஸ்கேல் வடிவாத் தெரியிற மாதிரி. வேலை முடிஞ்ச நாளில நீங்கள் பொங்கிக் குடுத்தனீங்கள் எண்டு சொன்னியள், அப்ப ஆராவது போனில படம் எடுத்திருப்பினம், அதில பலகை அடிச்ச உயரம் தெரியும், தேடிப் பாருங்கோ.


படலையடி:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாப் பேரேடு ஐயாவுக்கு. தேத்தண்ணி விசயம் வாசிச்ச உடன மனம் லேசாப் போச்சு.

ஞாயிறு காலமை மகளின்ர கொம்பாஸ் பெட்டி ஸ்கேலைக் கொண்டு போய் அளந்தம், ஏழு சென்ரிமீற்றர். மூண்டு பக்கம் படம் எடுத்தாச்சு. பொங்கல் படமும் கிடைச்சுது, பக்கத்து வீட்டுத் தம்பியின்ர போனில, நான் பானையோட நிக்கிறன், பின்னுக்குப் பலகை தெரியுது, அதுக்குப் பக்கத்தில ஒரு சீமெந்துப் பை படுத்துக் கிடக்குது, அதை வச்சு உயரம் கணக்குப் பார்க்கலாம் எண்டு மகள் சொல்லுறாள். திங்கள் சபைக்குப் போய் விண்ணப்பம் குடுத்தன், மன்றத்தடி சொன்ன மாதிரி நாலு காகிதத்தின்ர பேரும் எழுதி. முன்னுக்கு இருந்த பிள்ளை ஏன் அம்மா உங்களுக்கு இது எண்டு கேட்டவ, காரணம் சொல்லத் தேவையில்லையாம் எண்டு நான் சொன்னன், பேசாமல் துண்டு எழுதித் தந்தவ. மத்தியானம் சபையால ரெண்டு பேர் சீமெந்தோட வந்து வெட்டின இடத்தை மூடிப்போட்டுப் போட்டினம்.

மாதர் சங்கத்தில இனி எந்த வேலை நடந்தாலும் ஒரு கொப்பி போடுறது எண்டு தீர்மானிச்சிருக்கிறம், லொறி வந்த நேரம், பை எத்தினை, ரீ.ஓ. வந்தவரோ எண்டு. மூலை வீட்டு மாமி முதல் பக்கத்துக்குக் கோடு போட்டுத் தந்திருக்கிறா. 14 வேலை நாள் முடியப் பதில் வந்தால் இதிலயே போடுறன்.